எட்டு சதவீதம் குறைந்த மூக்கு

எங்கள் கம்பெனியில் அவரை எல்லோரும் முடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் கேம்களில் நடமாடும் மனிதர்களை உருவாக்குவது எங்கள் தொழில். ஒருவர் உடம்பைச் செய்வார், இன்னொருவர் துணிமணியைச் செய்வார். தலைமுடி முழுக்க அக்காவின் பொறுப்பு. செய்து முடித்த முகங்களைப் பேசவும் சிரிக்கவும் வைப்பது என் வேலை. எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை.

அவர் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவர் இல்லை. பதினோரு வருஷம் ஒரு அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுவலி வந்து நிற்க முடியாமல் போனதும், உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டார். நேர்காணலில் எந்தக் காலேஜ் என்று கேட்டார்களாம். "காலேஜ் எல்லாம் இல்ல. இதுவரைக்கும் ஒரு இருபதாயிரம் தலையைத் தொட்டுப் பார்த்திருப்பேன். உங்ககிட்ட அப்படி வேற யாராவது இருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். வேலை கொடுத்துவிட்டார்கள்.

அவர் வருவதற்கு முன்னால் எங்களுக்குச் சுருள்முடி என்றால் ஒரே சுருள்தான். அவருக்கோ ஒன்பது வகை. நெற்றியோரத்தில் பூனைமுடி, எண்ணெய் வைத்த முடி, வியர்வையில் ஒட்டிய முடி எல்லாம் தனித்தனி. யாராவது அவசரப்படுத்தினால், "தொப்பி போட்டு விட்ருங்க, இப்பவே முடிஞ்சிரும்" என்பார்.

அந்த வருஷம் நாங்கள் செய்துகொண்டிருந்த கேம், வெள்ளத்தில் மூழ்கிய ஒரு துறைமுக நகரத்தில் ஆட்களை மீட்பது பற்றியது. விளையாடுகிறவர் பன்னிரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். படகோட்டி, நர்ஸ், கிரேன் ஓட்டுபவர், தீயணைப்புக்காரர் என்று ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு இனம். "ஒரே நகரம், பன்னிரண்டு முகங்கள்" என்ற விளம்பர வாசகம்கூடத் தயாராகிவிட்டது.

முகங்களைச் செய்தவர் எங்கள் குழுவின் தலைவர், லீட் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். அவரிடம் நன்றாக அமைந்துவிட்ட முகம் ஒன்று இருந்தது. எடுப்பான மூக்கு, பெரிய கண், கூரான தாடை. அதைக் காப்பி எடுத்து, நிறத்தை மாற்றி, மேலே அக்கா செய்த முடியை வைத்தால் புது ஆள் பிறந்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டு பேர் பிறந்த நாளும் உண்டு. எனக்கும் அது வசதிதான். ஒரு வாயைப் பேச வைத்துவிட்டால் பன்னிரண்டு வாயும் பேசும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மேனேஜர் மேடத்துக்கு எல்லாவற்றையும் காட்டினோம். அவர் பாராட்டினார். அப்போது அக்கா எழுந்து போய், திரையோடு இணைந்திருந்த கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். முடி போனது. நிறம் போனது. துணி போனது. பன்னிரண்டு சாம்பல் நிறத் தலைகள் மட்டும் வரிசையாக நின்றன.

"இதுல நர்ஸ் யாரு, படகோட்டி யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்றார் லீடைப் பார்த்து.

லீட் சிரித்தார். "சட்டையைக் கழட்டிட்டா எல்லாரும் ஒண்ணுதானேக்கா."

"அதுக்குத்தானே மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு. நீங்க செஞ்ச மூஞ்சிதான். சும்மா காட்டுங்க."

லீட் மூன்றாவது தலையைக் காட்டி நர்ஸ் என்றார். அக்கா நிறத்தையும் முடியையும் திரும்பக் கொண்டுவந்தார். மூன்றாவது, கிரேன் ஓட்டுபவர். மீசை உள்ளவர். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷம் ஒவ்வொருத்தர் தலையையும் இந்தக் கையால பிடிச்சு முடி வெட்டியிருக்கேன் மேடம். ஒரு மண்டை மாதிரி இன்னொரு மண்டை இருந்ததில்ல. இங்க என்னடான்னா ஒரே ஆளுக்குப் பன்னிரண்டு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கோம். இதுக்குப் பேரு பன்னிரண்டு முகமா?"

லீட் சொன்ன பதிலிலும் நியாயம் இருந்தது. மூக்கும் உதடும் ஆளுக்கு ஆள் மாறினால், பேசும்போது வாய் கோணிக்கொள்ளும், ஒவ்வொன்றையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும், அதற்கு நேரம் எங்கே என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் ஆறு வாரம் கிடைத்தது. முடிந்தவரைக்கும் செய்யுங்கள், முடியாதது பழையபடியே இருக்கட்டும் என்று முடிவானது.

அக்கா முதலில் போனது எங்கள் கட்டட வாசலுக்கு. அங்கிருந்த காவலர் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். அகன்ற கன்ன எலும்பு, மடிப்பில்லாத இமை. அடுத்து கேன்டீன் அம்மா. அவருடைய பெற்றோர் கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். இறுகிச் சுருண்ட முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். உட்கார வைத்து, தலையைச் சுற்றி அறுபது எழுபது படம் எடுப்பார் அக்கா. அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் முகத்தைக் கட்டுவார். கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஒருவர்தான் முடியாது என்றார். அவர் அக்காவின் மாமியார்.

மாமியார் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல கறுப்பு. அகன்ற மூக்கு, தடித்த கீழுதடு, எதிரே நிற்பவரைத் தராசில் நிறுத்திப் பார்ப்பது போன்ற கண்கள். நர்ஸ் பாத்திரத்துக்கு அந்த முகம்தான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார்.

"என் மூஞ்சியா? ஏன், வேற வேலை இல்லையா உனக்கு?" என்றாராம் மாமியார்.

"வேலையே இதுதான் அத்தை."

அப்போதுதான் மாமியார் அதைச் சொன்னார். கூடத்துச் சுவரில் அவருடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. ஸ்டுடியோக்காரர் தூரிகையால் அவர் முகத்தை வெளுப்பாக்கி, மூக்கின் இரு பக்கமும் நிழல் கொடுத்து ஒல்லியாக்கிவிட்டார். படம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் ஸ்டுடியோக்காரரைப் புகழ்ந்தார்கள். "நாப்பது வருஷமா அதுக்குக் கீழ உக்காந்துதான் சாப்பிடுறேன். என் புருஷன் பக்கத்துல யாரோ ஒருத்தி நிக்கிறா. வீட்டுக்கு வர்றவங்க என்னைப் பார்க்கிறாங்க, படத்தைப் பார்க்கிறாங்க, ஒண்ணும் சொல்லாம காப்பியக் குடிச்சிட்டுப் போறாங்க."

அக்கா ஒரு தாளை எடுத்து வந்தார். "என்ன செய்யக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிறேன்." மாமியார் சொல்லச் சொல்ல எழுதினார். மூக்கு, உதடு, நிறம், முடி, எதையும் என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது. பல்லைத் திருத்தக் கூடாது. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை என்னுடையது, அது இருக்க வேண்டும். அந்தத் தாளையே அக்கா எல்லோருக்கும் நகல் எடுத்தார். முகம் கொடுத்த ஒவ்வொருவரும் கையெழுத்திட்டார்கள். கம்பெனி சார்பில் மேனேஜர் மற்ற காகிதங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய. கறுப்பு என்பது ஒரு நிறம் இல்லை. மாமியாரின் காது மடலில் செம்மை, கண்ணடியில் நீலம் கலந்த கருமை, கீழுதட்டின் உட்புறம் வேறு நிறம். நாங்கள் வழக்கமாக வைக்கும் விளக்குகள் வெளுத்த முகத்துக்கு அளவெடுத்தவை. அவற்றின் கீழே மாமியார் சாம்பல் பூசியது போலத் தெரிந்தார். அக்கா விளக்குகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினார். நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மானிட்டரில் அந்த அம்மா என்னைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டில் ஏழு முகங்கள் முடிந்தன. மீதி ஐந்துக்கு நேரம் போதவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அக்கா முதுகுவலிக்காக இரண்டு நாள் விடுப்பில் போனார். லீட் என் மேசைக்கு வந்தார். "ட்ரெய்லருக்கு நர்ஸ் முகம் கொஞ்சம் கனமா இருக்குன்னு மேல இருந்து சொல்றாங்க. மூக்கை ஒரு எட்டு சதவீதம் உள்ள தள்ளிரு. நிறத்தை நான் பார்த்துக்கறேன். விளம்பரத்துக்கு மட்டும்தான். அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

நான் செய்தேன். பத்து நிமிஷ வேலை. மனசு உறுத்தியது என்று இப்போது சொன்னால் அது பொய். அன்று டீ குடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

அக்கா திரும்பி வந்த பிறகு, ட்ரெய்லரை ஆபீஸ் கூடத்தில் பெரிய திரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். வெள்ளம், படகு, இடிந்த பாலம். பிறகு நர்ஸ் திரும்பிப் பார்க்கும் காட்சி. "நிறுத்துங்க" என்றார் அக்கா. கத்தவில்லை. ஆனால் படம் நின்றது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் எதுவும் கேட்காமல் மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தார். எதைக் கடைசியாக யார் மாற்றியது என்பது எங்கள் கோப்புகளில் தானாகவே பதிவாகும்.

"உன் பேர் இருக்கு தம்பி."

"லீட் சொன்னாருக்கா."

"அவர் சொன்னாரு சரி. கை உன்னோடதுதானே?"

நான் திரையில் இருந்த என் பேரைப் பார்த்தேன்.

"நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா. அவங்ககிட்ட நீயே சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்."

போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று தெருமுனையில் கால் மணி நேரம் நின்றேன். மாமியார் என்னை அந்தக் கல்யாணப் படத்துக்கு எதிரே உட்கார வைத்தார். நடந்ததைச் சொல்லி, போனில் இரண்டு முகங்களையும் காட்டினேன்.

"மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்மா."

"அந்த ஸ்டுடியோக்காரனுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆயிருக்கும்." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு, வாயத் திறக்கத் தெரியல. இப்ப என்ன கேடு? ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

அன்றே வந்துவிட்டார். வேலைக்குப் போகிறவர் போலப் பின்னலை இறுக்கிப் போட்டு, கைப்பையில் அந்தத் தாளோடு. வாசலில் காவலரிடம் விஷயத்தைச் சொல்ல, அவர் தன் இடத்துக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டுக் கூடவே மேலே வந்தார். கேன்டீன் அம்மாவும் சேர்ந்துகொண்டார். கூட்ட அறையில் மேனேஜர், லீட், அக்கா. நான் கதவோரம்.

மாமியார் தாளை மேசைமேல் விரித்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா" என்றார் மேனேஜர்.

"படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

மேனேஜர் இப்போதுதான் படித்தார். முகம் மாறியது. லீட் இடையில் புகுந்தார். "அம்மா, யாரும் எதையும் மாத்தல. அதே மாடல்தான். ட்ரெய்லர்ல லைட்டிங் வேற, அதனால அப்படித் தெரியுது."

அந்த அறையில் இதை மறுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

"லைட்டிங் இல்ல மேடம். மூக்கை எட்டு சதவீதம் குறைச்சது நான். லீட் சொல்லித்தான் செஞ்சேன். நிறத்தையும் ரெண்டு படி வெளுப்பாக்கியிருக்கு."

லீட் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மேனேஜர் சமாதானமாகப் பேசினார். ட்ரெய்லரை வெளியிடும் தேதி நெருங்கிவிட்டது, இதை மட்டும் விட்டுக்கொடுங்கள், கேமில் உங்கள் முகம் அப்படியே இருக்கும் என்றார்.

"உள்ள நான், வாசல்ல வேற ஒருத்தியா?" என்றார் மாமியார். "அந்த மூக்கு உங்களுக்குக் கனமா இருந்தா என் மூஞ்சிய மொத்தமா எடுத்துருங்க. கோவிச்சுக்க மாட்டேன். வச்சா நான், இல்லன்னா வேண்டாம்."

"என்னுதும் அப்படித்தான்" என்றார் காவலர்.

கேன்டீன் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, இப்போதைக்குக் கிளம்பப் போவதில்லை என்பது போல உட்கார்ந்தார்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "முடி எல்லாம் இந்தத் தலைகளுக்கு அளவெடுத்துச் செஞ்சது மேடம். தலை போனா முடியும் போயிரும். முடியோட நானும்."

ட்ரெய்லர் ஒன்பது நாள் தள்ளிப்போனது. மூக்கைத் திரும்ப வைத்தது நான்தான். அதற்கும் பத்து நிமிஷம். நிறத்தையும் விளக்குகளையும் அக்கா பார்த்துக்கொண்டார். பழையபடி இருந்த ஐந்து முகங்களைக் காட்டி, "பன்னிரண்டு முகங்கள்னு போடாதீங்க, அது பொய்" என்று அவர் சொன்னதற்கு மேனேஜர் முதலில் சிரித்தார். இரண்டு நாள் கழித்து வாசகத்தின் பின்பாதியையே தூக்கிவிட்டார்கள். "ஒரே நகரம்" என்பது மட்டும் மிஞ்சியது.

கேம் ஓரளவுக்கு ஓடியது. நர்ஸின் முகத்தைக் கேலி செய்து எழுதியவர்கள் இருந்தார்கள். அவரை மட்டுமே தேர்ந்தெடுத்து ஆடியவர்களும் இருந்தார்கள். மாமியார் இரண்டு தரப்பையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கேலி செய்த ஒருவருக்கு, "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று பேரன் மூலம் பதில் எழுத வைத்ததாகக் கேள்வி.

அக்காவுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது. லீட் நான்கு மாதம் அக்காவோடு பேசாமல், சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்லி அனுப்பினார். "அவருக்கு வாய் வலின்னு நினைக்கிறேன்" என்பார் அக்கா. என்னிடமும் சில நாள் சரியாகப் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இதுவரை சொன்னதில்லை. ஆனால் புதிதாக ஒரு முகத்தைத் தொடங்கும்போது இப்போது முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். "இந்த வாய் எப்படிப் பேசும்னு பாரு" என்பார்.

அடுத்த கேம் ஒரு ரயில் பயணம் பற்றியது. இருபது பேர். முகம் கொடுக்கச் சம்மதித்தவர்களை அக்கா முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை, அதில் ஒரு கிழவரின் கழுத்துச் சுருக்கங்களை எடுத்துவிடச் சொல்லி யாரோ கேட்டிருக்கிறார்கள். கூட்ட அறைக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக அக்கா நின்றுகொண்டிருப்பது தெரிந்தது, ஒரு கை முதுகைப் பிடித்தபடி. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"இன்னும் ஒத்துக்கல" என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "மூணு மணிக்குத் திரும்ப உள்ள போறேன். நீயும் வா."