மல்லிகா அக்கா கேட்ட ஸ்கேல்

மல்லிகா அக்கா, நீ கேட்ட ஸ்கேல் வந்துவிட்டது.

உன் படத்துக்குப் போடப் பிச்சிப்பூ வாங்க, போனக்காடு எஸ்டேட்டிலிருந்து முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறி சாலைக் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறேன். நம் மலையாளத்துப் பூக்கார சேச்சியின் பலகையில் ஒரு இரும்பு ஸ்கேல் அறையப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் அவர் தன் குட்டைக் கையால் முழம் போடுவார். நீ உன் நீளக் கையால் திரும்ப அளந்து, "இது முழமா, சாணா? ஒரு ஸ்கேல் வைங்க சேச்சி, எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கட்டும்" என்பாய். அவர் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கூட்டித் தருவார்.

"எத்தன சென்டிமீட்டர் வேணும் மோளே?"

"முழக்கணக்குதான் தெரியும் சேச்சி. அக்கா படத்துக்குப் போடணும்."

பூவைப் பிடித்த அவர் கை நிற்கிறது. "ஐயோ, அந்த நீளக் கைக்காரியா? ஸ்கேல வச்சிட்டு, இனி என்ன சொல்லுவான்னு அவளத்தானே பார்த்துட்டிருந்தேன்!"

கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு மீட்டர் சரியாக அளக்கிறார். வெட்டப் போனவர் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் பூவை இழுத்துவிடுகிறார். "இது அவ சண்ட போட்டு வாங்குறது."

அளவு சரிதான் அக்கா. சண்டை போடத்தான் நீ இல்லை.

இதைப் படிக்கிற எல்லோரும் எங்கள் மல்லிகா அக்காவுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.