ஆள் ஏறியபின் இறுக்கவும்

வண்டிச் சாமான் விற்பவளுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. மண்ணூர்பேட்டையில் தொழிற்சாலை எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் கடை வைத்து புஷ் விற்கிறேன். வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஷாக்கப்சரின் இரு முனையிலும் ஒரு வளையம் இருக்கும். அதற்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிற, நடுவில் இரும்புக் குழாய் பதித்த ரப்பர் துண்டுதான் புஷ். நீங்களும் குண்டும் குழியுமான சி.டி.எச். ரோட்டில் தினம் போய்வருகிறவர் என்றால், உங்கள் இடுப்புக்கும் அந்த ரோட்டுக்கும் நடுவே இருக்கிறவற்றில் மிகச் சிறியது அதுதான்.

நகம்

புஷ் வாங்க வருகிறவர்கள் முதலில் அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். நகம் இறங்கினால் மெத்து, இறங்காவிட்டால் கெட்டி. பார்த்துவிட்டு நிபுணர்போலத் தலையாட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். வேறு சோதனை எனக்கும் தெரியாது.

சுயம்புவும் அழுத்தினார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, ஊர் திருநெல்வேலிப் பக்கம். மனைவி பேச்சியம்மாள் திருமுல்லைவாயிலில் கணக்கு டீச்சர். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலிதான். அவருக்காகப் பழைய வேன் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றி, தரையை வெட்டித் தாழ்த்தி, நாற்காலியோடு ஏறச் சாய்பலகை வைத்து, ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தார். "ஏறிருதா. போகும்போதுதான் தாங்கல. ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுல விழுது. ஜூன்ல ஸ்கூல் திறக்கு. அதுக்குள்ள சரியாகலன்னா வேலைய விட்டுருதேன்னு சொல்லுதா" என்றார். சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த புஷ் ஒவ்வொன்றையும் அழுத்தினார். வண்டியோடு வருகிற சாதாரண கம்பெனிப் புஷ்ஷை மட்டும் இருவருமே பார்த்த உடனே ஒதுக்கிவைத்தோம். இவ்வளவு மாற்றிய வண்டிக்கு அது எப்படிப் போதும்?

பக்கத்து ஷெட் மெக்கானிக் டில்லிபாபு டீ கிளாஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாத்தே, நகத்தக் கேட்டு இன்னா பண்றது? முதுவு இன்னா சொல்துன்னு கேட்டுகினு வா."

கெட்டி

கள்ளிக்குப்பத்திலிருந்து ஒருவர் வருவார். காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருப்பவர். எலுமிச்சை நிறத்தில் கெட்டியாக வரும், பியூ என்கிற பிளாஸ்டிக் ரகப் புஷ்தான் போடுவார். வளைவில் அந்த வண்டி இம்மியும் சாயாது. மாற்றிய வண்டிக்கு மாற்றிய வண்டிக்காரர் சொல்வதுதான் சரி என்று நினைத்து, சுயம்புவுக்கும் அதையே எடுத்துக் கொடுத்தேன். டில்லிபாபு மாட்டினார். சுயம்பு வெறும் வேனை ஓட்டிப் பார்த்துவிட்டு, ரயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் நாள் திரும்பி வந்தார். மனைவி சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தார். "'ரோட்டுல எவனோ சுண்ணாம்புல கோடு போட்டிருக்கான், இந்த வண்டி அதையும் விடாமச் சொல்லுது'ங்கா."

மெத்து

அடுத்து, கடையில் இருந்ததிலேயே மெத்தான ரப்பரைக் கொடுத்தேன். டில்லிபாபு வேலையில் சுத்தம். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு முறுக்கியபடியேதான் உழைத்துச் சாகும். டில்லிபாபு அப்படிச் செய்யமாட்டார். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஷெட்டில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி நின்றுதான் இறுக்குவார்.

சுயம்பு தினமும் அவரை ஏற்றிப் பள்ளிவரை ஓட்டிப் பார்த்ததில், முதல் சில நாட்கள் பேச்சியம்மாள் குறை சொல்லவில்லையாம். பிறகு பின்னாலிருந்து டொக் டொக்கென்று சத்தம். கழற்றினால் ரப்பர் கிழிந்திருந்தது. வேறு ஜோடி போட்டோம். அதுவும் கிழிந்தது. கிழிந்ததையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, ஈரத்துணியை முறுக்கியதுபோலக் கிழிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, கொஞ்சமும் அளவு மாறாமல் தினமும் வந்துபோயிருக்கிறது. டில்லிபாபு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எவனோ டெய்லி வந்து புயிஞ்சிட்டுப் போறான்க்கா."

ரவிக்கை

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை பேச்சியம்மாளே வந்துவிட்டார். அதுவரை சுயம்பு அவரை ஒருமுறைகூட அழைத்து வந்ததில்லை. வீணாக ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று வெறும் வேனைத்தான் கொண்டுவருவார். நாங்கள் பார்த்தே இராத ஒருவருக்காக இத்தனை நாளும் ரப்பர் பொறுக்கிக்கொண்டிருந்தோம். "ராஜினாமா எழுதணுமா வேண்டாமான்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று வண்டிக்குள்ளிருந்தே சொன்னார். அதட்டலான வகுப்பறைக் குரல்.

சுயம்பு சாய்பலகையைப் போட்டார். நாற்காலி இறங்கித் தரையைத் தொட்டதும் வேனின் பின்பக்கம் மெதுவாக எழுந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் கை நுழைகிற இடைவெளி. ஸ்பிரிங் அவ்வளவு இளக்கம், நாற்காலி நிற்கிற இடமும் சக்கரத்துக்கு நேர்மேலே. நான் டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாளிடம், "டீச்சர், கோபிச்சுக்காதீங்க, இன்னொரு தடவை ஏறி எறங்குறீங்களா?" என்றேன். காரணம் கேட்காமல் ஏறினார். வேன் அமர்ந்தது. இறங்கினார். எழுந்தது. டில்லிபாபு தலையில் கைவைத்துக்கொண்டார். "காலி வண்டிய வெச்சுகினு இறுக்கிகினு இருந்துகிறோம்க்கா. இவங்க ஏறி குந்துனதும் டெய்லி ரப்பரு முறுக்குது."

பேச்சியம்மாள் கணவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் அளவெடுக்காமலே ரவிக்கை தச்சிருக்கிய."

யாரோ

அவரை ஏற்றி, நாற்காலியைப் பூட்டி, வேனைப் பள்ளத்தின்மேல் நிறுத்தினோம். இந்தமுறை புஷ் கெட்டியும் இல்லை, மெத்தும் இல்லை. முதல் நாள் நாங்கள் ஒதுக்கிவைத்த அதே சாதாரண கம்பெனிப் புஷ். டில்லிபாபு கீழே இறங்கினார். அவருக்குமேல் வேன், வேனுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் டீச்சர். எஸ்டேட்டில் பிரஸ் மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்தன. டில்லிபாபு போல்ட்டை மெதுவாக இறுக்கினார். "நீங்க திருகுதது நாற்காலிக் கையில தெரியுது" என்றார் பேச்சியம்மாள். எத்தனையோ வருஷமாக இதை விற்கிறேன். உட்காருகிறவர் இன்னார் என்று இந்தத் துண்டு ரப்பருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

திருமுல்லைவாயில்வரை ஓட்டிப்பார்க்கக் கிளம்பினோம். சுயம்பு ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பேச்சியம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வேகத்தடையில் கைப்பிடியை இறுகப் பற்றினார். அடுத்ததில் கை தளர்ந்தது. பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. வேன் நின்றதும் வாட்ச்மேன் எழுந்து வந்து வணக்கம் சொன்னார். "திங்கக்கெழம சாய்பலகை போட எடம் வேணும், அந்த சைக்கிளையெல்லாம் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றார் பேச்சியம்மாள். சுயம்பு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மறுபடி கிளம்பி ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகுதான் பேச்சியம்மாள் சொன்னார்:

"ரோடு அப்படியேதான் கெடக்கு. ஆனா இப்ப எனக்கு முன்னாடி அத யாரோ வாங்கிக்கிடுதாங்க."

அந்த யாரோ எங்கள் கடையில் ஜோடி ஜோடியாக டப்பாவில்தான் கிடக்கிறார்கள் என்றாலும், நாளை நீங்கள் வந்தாலும் முதலில் நகத்தால்தான் அழுத்திப் பார்ப்பீர்கள், நானும் நிபுணர்போலத் தலையாட்டுவேன்.