எலாஸ்டிக் போட்ட பாட்டுப்பெட்டி

தெருவில் அவருக்குப் பெயர் 'டேப்பு'. டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்த ஆள். இப்போது ரிப்பேருக்கு யாரும் வருவதில்லை. கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் பெட்டிகள்தான் முன்னறையில் கழுத்தளவு நின்றன. மனைவிக்குத் தையல் தொழில். அவள் மெஷின் சமையலறை வாசலில் கிடந்து இடிபட்டது. பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வண்டியோட வர்றான். அதுக்குள்ள இதுங்க பாடுச்சுன்னா வச்சுக்கோங்க. இல்லேன்னா பழைய இரும்புக்குத்தான்."

"பாட வைக்கிறேன்டி!" வாய் முந்திக்கொண்டது.

வாய் விட்டால் கைதான் உழைக்க வேண்டும். எட்டுப் பெட்டிகளைப் பிரித்து ஒரே பலகையில் திருகினார். மனைவி அடுப்படியிலிருந்து "ஏங்க" என்று நீட்டி முழக்கியதை அவளுக்குத் தெரியாமல் பதிந்து, அந்த 'ஏ' இருக்கும் டேப்பை மட்டும் எட்டுப் பிரதி எடுத்து வெட்டி, வளையமாக ஒட்டி, பெட்டிக்கு ஒன்றாகச் சுற்றவிட்டார். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வேகம் வைத்தார்; அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சுரம். அழுத்துவதற்குக் காலிங்பெல் சுவிட்சுகள்.

மோட்டாரிலிருந்து டேப்பைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் அத்தனையும் புதுசு. தொழில் சுத்தம். சனிக்கிழமை அழுத்திப் பார்த்தார். சுரம் இம்மி பிசகவில்லை. ஆனால் லாரி ஹாரன் மாதிரி இருந்தது.

"பாடுதா?" என்றாள் மனைவி.

"தொண்டையச் செருமுது."

ஞாயிறு காலை வண்டி வந்தேவிட்டது. "மாமா, ஏத்தலாமா?" என்று மச்சான் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பதற்றத்தில் அவர் பலகையை இழுத்த இழுப்பில் கடைசிப் பெட்டியின் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் இல்லை. மனைவியின் தையல் டப்பாவில் கைவிட்டு, கிடைத்த இடுப்பு எலாஸ்டிக்கை வெட்டி, இரண்டு தையல் போட்டு மாட்டி அழுத்தினார்.

'ஏ' எழுந்தது, அசைந்தது, குழைந்து இறங்கியது. ஆள் பாடுவது மாதிரியே!

"அட மடையா!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். 'டேப்பு இழுக்குதுங்க' என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்த இழுவையை நிறுத்திக் கொடுத்தே பழகிய கை. இங்கேயும் அதே வேலையைப் பார்த்திருக்கிறது; எலாஸ்டிக் இழுத்த பிறகுதான் ஹாரன் பாட்டாகியிருக்கிறது.

நல்ல பெல்ட்டுகளைப் பிடுங்கி எறிந்தார். "ஏம்மா, இந்த எலாஸ்டிக்க வளையமா தச்சுக் குடு. முடிச்சு வேணாம், தட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். எட்டும் சேர்ந்து குழைந்தபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இது என் குரலாச்சே?"

"அக்கா, நீ மாமாவைக் கூப்பிடுறது இவ்வளவு நல்லாவா இருக்கும்?" மச்சான் சிரித்தான். "நகருங்க மாமா, நான் ஒரு தடவை அழுத்துறேன்."

அரைமணி நேரம் நகராமல் அழுத்தினான். கடைசியில் அக்கா காதைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பலகை சுவரோரம் தங்கியது. மீதிப் பெட்டிகள் வண்டியேறின. காலியான இடத்துக்குத் தையல் மெஷின் வந்தது.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என் பைஜாமா தச்சாச்சாம்மா?"

அவள் காலி டப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஆச்சுண்ணே. நாடா வச்சுத் தர்றேன், இறுக்கிக் கட்டிக்கோங்க. உங்க எலாஸ்டிக்கு பாடப் போயிருக்கு."