நெறி கட்டிய கோவைக்கொடி

பிளேக் வந்த வருஷம், பாலகாட் தங்கச் சுரங்கத்துப் பக்கம், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் காய்ச்சலைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். தொடையிடுக்கில் நெறி கட்டியது தெரிந்தால் ஆளை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். மூங்கில் தட்டி வீட்டுக்குத் தீ வைப்பார்கள். போனவர்கள் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்தா என் வீட்டுக்காரருக்கு நெறி கட்ட வேண்டும்? சுரங்கத்தில் கல் விழுந்து கால்விரல் கிழிந்திருந்தது. காலில் புண் வந்தால் நெறி கட்டும், யாருக்குத்தான் தெரியாது? ஆனால் வீடு வீடாகச் சோதிக்க வருகிறவர்கள் அதையெல்லாம் கேட்பார்களா?

நெறிமேல் அரைத்துப் போடக் கோவையிலை பறிக்கப் போனேன். வீட்டுத் தட்டிமேல் படர்ந்த கொடித்தண்டு முண்டும் முடிச்சுமாக வீங்கிக் கிடந்தது. அதே தட்டியில் ஏறிய பீர்க்கங்கொடியில் ஒரு வீக்கமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள்.

“இன்னாம்மே இது, கொடிக்கே நெறி கட்டிக்கினு கீது! உன் வூட்ல யாருக்கு இன்னா?”

நாலு பேர் கூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரிவாள்மணையைக் கொண்டுவந்து ஒரு முடிச்சை அவர்கள் எதிரிலேயே பிளந்தேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு மஞ்சள் புழு. இன்னொரு முடிச்சின் ஓட்டையிலிருந்து கொசுவைவிடச் சிறிய ஈ ஒன்று பறந்தது. அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பிற்பாடு பூதிகோட்டை கிராமத்து வேலிகளிலும் அந்த முடிச்சைப் பார்த்தேன். அங்கேயும் கோவையில்தான், வேறெதிலும் இல்லை.

“பாருங்க, பூச்சி கட்டின கூடு. நோவு இல்ல!” என்றேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

அக்கா பின்வாங்கினாள். “பூச்சிதாம்மே நோவத் தூக்கினு வருது. கொளுத்துங்க!”

கொடியை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். அடுத்து அவர்கள் பார்வை எங்கள் கூரைமேல் போயிற்று. அப்போது ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, துளியும் நொண்டாமல் அவர்கள் நடுவே வேலைக்கு நடந்து போனார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. வேலைக்குப் போகிற மனுஷனைப் பார்த்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

புண் ஆறியது, நெறியும் வற்றியது. நான் நிம்மதியாக மூச்சுவிட்ட அந்த வாரமே அக்கா பின்பக்கமாக வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“கோவ எல கொஞ்சம் எங்கனா கெடைக்குமா? பொண்ணுக்கு நெறி கட்டிக்கிச்சு.”

“கால்ல புண்ணு எதுனா கீதாக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டு காலையும் தடவித் தடவிப் பாத்துட்டேம்மே. ஒரு கீறல்கூட இல்ல.”