எலுமிச்சைக்கு எழுபது சதவீதம்

எலுமிச்சை எப்போது பூக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். பூக்காவிட்டால் பேச்சு வாங்குவதும் அதில் சேர்த்தி. வருங்காலத்தைச் சொல்லிப் பிழைக்கும் எல்லோருக்கும், வானிலைக்காரர் முதல் கல்யாணத் தரகர் வரை, என் கஷ்டம் புரியும்.

மஞ்சள் துணி

பனமரத்துப்பட்டியில் ராசாத்தி அக்கா, அவர் வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணன் இருவரின் எலுமிச்சைத் தோட்டம், ஏரிக்குப் பக்கத்தில். மொட்டு எண்ணுவதற்காகச் சில கிளைகளில் அடையாளத்துக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் தோட்டமே மஞ்சளாக அசைந்துகொண்டிருந்தது. களையெடுக்க வந்த பெண்கள் வேண்டுதல் என்று நினைத்து ஆளுக்கொன்று கட்டியிருக்கிறார்கள். ஏரிக் காற்றில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எது என் கிளை என்றுதான் தெரியவில்லை. அக்கா சமாதானம் சொன்னார்: "உடுங்க சாமி. நீங்களும் பூக்கோணும்னுதான கட்டுனீங்க?"

மிச்ச முப்பது

அந்த மரங்கள் கொஞ்ச வருடமாகச் சரியாகப் பூக்கவில்லை. இந்த முறையும் பூக்காவிட்டால் ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிட்டு மரவள்ளி போடுவது என்று அண்ணன் முடிவெடுத்திருந்தார். அக்காவுக்கு மனசில்லை, கன்றாக வாங்கி வந்து நட்டவர் அவர்தான்.

பழைய மழையையும் வெயிலையும் கணினிக்குள் போட்டுப் பார்த்தேன். தண்ணீரை நிறுத்தி, இலை சுருளும்வரை வாடவிட்டு, பிறகு பாய்ச்சினால் பூக்க எழுபது சதவீதம் வாய்ப்பு என்று வந்தது. பெருமையாகச் சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்: "மிச்ச முப்பது எந்த மரமுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா, அத மட்டும் இப்பவே புடுங்கிப்போடலாமுங்க."

வாட்டம்

மரங்கள் வாடின. மத்தியான வெயிலில் அந்தத் தோட்டத்துக்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. இலைகள் மடங்கி, நிழல் மெலிந்து, குருவிகூடச் சத்தம் போடவில்லை. கணக்கு தப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அக்கா மரங்களைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "கெணறு நெறையத் தண்ணி கெடக்குது, இதுங்க நாக்கு வறண்டு நிக்குது. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க."

வாசம்

தண்ணீர் பாய்ச்சிச் சில வாரம் கழித்துப் போனேன். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ, தேனீச் சத்தம். வந்த வேலையை மறந்து நின்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஜேசிபிக்காரரிடம் வரவேண்டாம் என்று அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டாராம்.

வீட்டை ஒட்டிய ஒரு மரம் மட்டும் ஒரு பூக்கூட இல்லாமல், கரும்பச்சையாகக் கொழுத்து நின்றது. அடியில் மண்ணைக் கிளறினால் நல்ல ஈரம். அக்கா குரலைத் தாழ்த்தினார்: "வாசல்லயே நிக்குதுங்க, மொகம் பாக்க முடியல. பாத்தரம் கழுவுன தண்ணியத் தெனமும் ஊத்திப்போட்டேன். இதுதான் அந்த முப்பதுன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி."

மழைக்கும் வெயிலுக்கும் என் கணக்கில் இடம் வைத்திருக்கிறேன். மனசு கேட்காமல் ஊற்றும் ஒரு குடத்துக்கு எங்கே இடம் வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.