கப்பலுக்கு நான் கட்டிய பெட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு சுற்றுலாக் கப்பலில் இது நடந்தது. நடந்தது என்று சொல்வதே தப்பு. நான்தான் நடத்தினேன்.

அன்னூரில் எனக்கு மோட்டார் பம்பு விற்கும் கடை. அந்த வருஷம் மழை இல்லை. போர் போட்டவர்கள் எல்லாரும் பம்பு வாங்கினார்கள். நிறைய விற்ற டீலர்களை ஜோடி ஜோடியாக மூன்று நாள் கப்பலில் கூட்டிப் போவதாகக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். இதற்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனதில்லை. இந்த முறை போக ஒரு காரணம் இருந்தது. வெள்ளகோவிலைச் சேர்ந்த ஒரு டீலரும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. அவர் மகனுக்கு என் மகளைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. கப்பலிலிருந்து திரும்பியதும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. "மூணு நாளு ஒண்ணா இருந்தா ரெண்டு ஊடும் பழகிக்கலாமுங்க" என்று அவரே போனில் சொன்னார்.

என் மனைவிக்கு வலிப்பு உண்டு. பதினாறு வயதிலிருந்து இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. தவறாமல் சாப்பிட்டு வந்ததால் எட்டு வருஷமாக வரவில்லை. ஒரு வேளைகூட விடக்கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார்.

கல்யாணத்தின்போது என் மாமனார் இதை மறைத்துவிட்டார். மூன்றாம் மாதம் எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லிப் பெண்ணைத் தள்ளிவிட்ட ஆள் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இரண்டு வருஷம் அவரை என் வீட்டுப் படி ஏற விடவில்லை. ஆனால் மகள் வளர வளர, நானே மறைக்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குப் போனால் மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து வேறு டப்பாவில் போட்டு எடுத்துவரச் சொன்னதும் நான்தான். நம்ம பக்கம் பெண்ணெடுக்கும்போது என்னவெல்லாம் விசாரிப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். புரிந்துவிட்டால் மட்டும் அது சரியாகிவிடாது.

கப்பலுக்கு என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்று கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில் அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். அயர்ன் பாக்ஸ், கெட்டில், கரண்டு அடுப்பு, குக்கர் எதுவும் கூடாது. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், சாயங்காலம்தான் அறைக்கு வரும். அதனால் மருந்தையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து அட்டையோடு இருக்க வேண்டும், டாக்டர் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். அம்மா மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

என் பெட்டியில் என்ன வைப்பது என்று எவனோ எனக்குப் பட்டியல் போடுவதா என்று எரிச்சல்தான் வந்தது. எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அரிசிம்பருப்பு சாதம் வேண்டும். கப்பலில் வடக்கத்திச் சாப்பாடுதான் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சின்னக் கரண்டு குக்கர் ஒன்றைச் சென்னிமலைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கூடவே அரிசியும் பருப்பும் கலந்து ஒரு கிலோ, சின்ன வெங்காயம், வரமிளகாய்.

மனைவி மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் தன் கைப்பையில் வைத்திருந்தாள். அதை நான் வெளியே எடுத்தேன். சீட்டில் நரம்பு டாக்டர் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். துறைமுகத்தில் பையைத் திறந்து மேஜையில் கொட்டுவார்கள், பக்கத்தில் வெள்ளகோவில்காரர் குடும்பம் நிற்கும். பெட்டியின் அடியில், போர்வைக்கும் கீழே, அதைத் தள்ளினேன்.

"பக்கத்துல இருந்தாத் தகிரியமா இருக்குமுங்க" என்றாள்.

சும்மா இரு, எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கடைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன்.

சென்னையில் லாட்ஜ் அறையில் காலை மாத்திரையை எடுத்துக்கொடுத்தேன். மறுபடி அடியில் தள்ளிப் பூட்டினேன். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் கப்பல் ஏறினோம். சாயங்காலம் எல்லார் அறை வாசலிலும் பெட்டி வந்துவிட்டது, எங்களுடையது வரவில்லை. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

அங்கே போனால் எனக்கு முன்னால் வெள்ளகோவில்காரர் நிற்கிறார். அவர் அயர்ன் பாக்ஸ் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள் என்றார். குக்கர் என்றேன். "கப்பல்லயே பந்தி போட்டுப்போடலாம்னு வந்தீங்களாக்கும்" என்று சிரித்தார். அவர் பெட்டியில் இருந்த வேட்டி, சேலை, முறுக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார்கள். அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இரண்டு நிமிஷ வேலை.

என் முறை வந்தது. திறக்கச் சொல்லிக் கை காட்டினான் காவலாளி. பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியைத் தொட்டேன். வெள்ளகோவில்காரர் போகவில்லை. எனக்கு இங்கிலீஷ் தகராறு என்று உதவிக்கு நின்றுகொண்டிருந்தார்.

"சாவி ஊட்டுக்காரிகிட்ட இருக்குதுங்க" என்றேன்.

பொய் சொன்ன முகம் வெளியே தெரியாமல் இருக்கக் கத்த ஆரம்பித்தேன். சோறு பொங்கும் பாத்திரம் வெடிகுண்டா, நான் என்ன திருடனா என்றெல்லாம் கேட்டேன். ஐந்து நிமிஷம் குக்கருக்குச் சண்டை போட்டேன். பெட்டிக்குள் மருந்து இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டிய பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தேன்.

அறையில் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கப்பலில் டாக்டர் இருப்பாரே, போய்க் கேட்கலாமா என்றாள். கேட்டால் எழுதி வைப்பார்கள், கூட்டிவந்த கம்பெனி ஆளுக்குத் தெரியும், அவன் வாய் சும்மா இருக்காது என்றேன். சாப்பிட்ட பிறகு, வெள்ளகோவில்காரர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, கீழே மறுபடி போனேன். பூட்டியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு வேளைதானே, ஒன்றும் ஆகாது என்றேன்.

"நீங்க சொன்னாச் செரிங்க" என்றாள்.

அன்று ராத்திரி கப்பல் ஆடியது. அவள் தூங்கவில்லை, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். காலையில் நான் கீழே போகக் கிளம்பும் நேரம் பார்த்து வெள்ளகோவில்காரரும் மனைவியும் கதவைத் தட்டினார்கள், சேர்ந்து டிபன் சாப்பிடலாம் என்று. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேல்தளத்து ஹாலில் நாலு பேரும் உட்கார்ந்தோம். வெள்ளகோவில்காரர் தன் மகனைப் பற்றிப் பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை. பத்து. மேஜைக்கு அடியில் என் மனைவி காலால் என் காலைத் தொட்டாள். பெட்டியை வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

"நானும் வாரேனுங்க" என்று அவரும் எழுந்தார்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முந்தின நாள் சொன்ன பொய்யைக்கூட அவசரத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

அவள் கை கழுவ எழுந்து போனாள். ஹாலை ஒட்டி நாலு படி, இரும்பு விளிம்பு வைத்த படி. அதன் மேல்படியில் நின்றவள் ஒரு சத்தம் போட்டாள். மனுஷச் சத்தம் மாதிரி இல்லை. முகம் படியில் மோத, கை உடம்புக்கு அடியில் மடங்க விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயிலிருந்து ரத்தம் வந்தது.

கூட வந்த டீலர்கள் சுற்றிக்கொண்டு இரும்பு கொடுங்கள், இரும்பு கொடுங்கள் என்றார்கள். நம்ம பக்கத்து வழக்கம் அது. அது வைத்தியமே இல்லை என்று டாக்டர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் என் கை பாக்கெட்டுக்குள் போய்ச் சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். எந்த நாட்டுக்காரியோ, எங்கள் பேச்சு ஒன்றும் அவளுக்குத் தெரியாது. சாவியைப் பிடுங்கித் தரையில் போட்டாள். என்னையும் தள்ளிவிட்டாள். என் மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் ஏப்ரனை அவிழ்த்துத் தலைக்கு அடியில் மடித்து வைத்தாள். கூட்டத்தை விலக்கினாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்; வலிப்பு எத்தனை நிமிஷம் நீடிக்கிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. என்னைப் பார்த்து "மெடிசின்?" என்றாள்.

நான் தரையில் கிடந்த சாவியைக் காட்டினேன்.

வெள்ளகோவில்காரர் குனிந்து எடுத்தார். கடைச் சாவிகளுக்கு நடுவில் பெட்டியின் சின்னச் சாவி தனியாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வயதில், அந்தப் பெருத்த உடம்போடு, படியில் இறங்கிக் கீழ்த்தளத்துக்கு ஓடினார். பெட்டியைத் திறந்து, குக்கரைத் தூக்கிப் போட்டு, அடியில் இருந்த அட்டையையும் சீட்டையும் எடுத்து வந்தவர் அவர்தான். யார் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்து வைத்தேனோ அவர் கையிலேயே அந்தச் சீட்டு இருந்தது.

கப்பல் டாக்டர் ஊசி போட்டார். வலிப்பு நின்றது. வலது தோள் இறங்கி எலும்பு உடைந்திருந்தது. முன்பல் இரண்டு போய்விட்டது. உதட்டில் தையல். கப்பல் கரைக்குத் திரும்ப இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. அவ்வளவு நேரமும் அந்த மருத்துவ அறையில் கிடந்தாள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் முனகுவாள். கடைசியாக மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். நேற்றுக் காலை என்றேன். ஏன் என்றார். பெட்டி கீழே மாட்டிக்கொண்டது என்றேன். நேராக இங்கே வந்து கேட்டிருந்தால் நாங்களே கொடுத்திருப்போமே என்றார்.

வெள்ளகோவில்காரரின் மனைவி அன்று பகல் முழுவதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டார். மறுநாள் வெள்ளகோவில்காரர் என்னை வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டார். நானாகவே ஆரம்பித்தேன். பெண்ணுக்கு இது கிடையாது, மகள் நல்லபடியாக இருக்கிறாள், வேண்டுமானால் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோவு எந்த ஊட்லதானுங்க இல்ல. அதுக்குச் சொல்லலீங்க. சாவி உங்க பாக்கெட்டுலயே இருந்துச்சு. நானும் உங்க பக்கத்துலயேதான் நின்னேன். நீங்க சோத்துக் குக்கருக்குச் சண்ட போட்டீங்க." சுவரோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு எங்க ஊட்ல ஒண்ணுன்னா உங்கள நம்பி நிக்கோணுமுங்களே. எனக்கு மனசு வரலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் கோபக்காரன். கடையில் ஒரு வார்த்தை கூடக் குறைய வந்தால் விடமாட்டேன். அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு மருத்துவ அறைக்குத் திரும்பினேன்.

மகள் பெங்களூரிலிருந்து நேராகத் துறைமுகத்துக்கு வந்திருந்தாள். தூக்குப் படுக்கையில் அம்மாவை இறக்கியதைப் பார்த்தாள். சம்பந்தம் நின்றுபோனதைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கோசரம் பண்ணினேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்கப்பா" என்றாள். அதைத்தான் சொல்ல இருந்தேன்.

கோயமுத்தூரில் தோளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கம்பி வைத்தார்கள், ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இனி எழும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பல் கட்டினோம். மகளுக்குப் போன தையில் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. பேச்சு ஆரம்பித்த அன்றைக்கே, மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்கும் முன்னாலேயே, என் மனைவி தன் நோயைத் தானே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அதற்கு என்ன மாத்திரை என்று கேட்டார்கள், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் நான் பயந்தது இவ்வளவுதான்.

இப்போது தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை வாரி ஜடை பின்னிவிடுகிறேன், அவள் கை அங்கே எட்டாது. மோசமாகத்தான் பின்னுகிறேன். கோணலாகப் போனால் அவிழ்த்து மறுபடி பின்னச் சொல்வாள். கையைப் பற்றி யாராவது கேட்டால் கப்பலில் விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொல்வாள், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவள் என்னை வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருந்தால், நான் இதை எப்போதோ மறந்து தொலைத்திருப்பேன்.