நின்றுபோன மாவு இயந்திரம்

லியெர்காவைத் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தபோது அவள் ஊரிலேயே இல்லை. தங்கை கல்யாணத்துக்காக ஓசியெக் நகருக்குப் போயிருந்தாள். பொஷெகா ஊரில் அவள் வேலை பார்த்த ரொட்டிப் பட்டறையில் ஆட்கள் கூடி, மறுத்துப் பேச முடியாதவளின் பெயரைச் சொல்லிக் கை தூக்கிவிட்டார்கள்.

"இப்ப நான் என்னதான் பண்ணணும்?" என்று மாவு பிசையும் வின்கோவைக் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்குத்தானே உன்னைப் போட்டோம்."

முதலாளி திஹோமிர் வேறு மாதிரி சொன்னார்: "யாருக்காவது அடிபட்டா இனி உன்னைத்தான் கேப்பேன்."

பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கான பயிற்சிக்குப் போனாள். அங்கே பேசிய அம்மாள், "பொறுப்பு முதலாளியோடது. ஆபத்தைப் பாத்தா அவர்கிட்ட சொல்றது உங்க வேலை" என்றார். யார் சொல்வது சரி? லியெர்காவுக்குத் தலை சுற்றியது.

மாவு இயந்திரத்தின் கம்பி மூடியைத் தூக்கினால் இயந்திரம் நிற்க வேண்டும். அது நிற்காது. மூடி மூடியே இருப்பதாக இயந்திரத்தை ஏமாற்ற, மூடியின் சுவிட்சில் யாரோ ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தார்கள். ஓடும்போதே கையை விட்டு ஓரத்து மாவை வழிக்கலாம், நேரம் மிச்சம். முதலாளியிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றார். மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே பதில். ஒருநாள் காலை அவளே காந்தத்தைப் பிய்த்தெடுத்தாள்.

"சொந்தக்காரி மாதிரி நடந்துக்கிறா" என்று வின்கோ முணுமுணுத்தான். அந்த வாரம் அவளுக்கு யாரும் காபி ஊற்றவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு வின்கோ காய்ச்சலில் படுக்க, முதலாளியே மாவு பிசைய நின்றார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மூடியைத் தூக்கி வலது கையை உள்ளே விடப் போனார். இயந்திரம் சட்டென்று நின்றது. எரிச்சலோடு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "ரிப்பேர் ஒண்ணுமில்ல. நிக்கணும்னுதான் செஞ்சிருக்காங்க. நிக்கலைன்னா நீங்க இனிமே இடது கையாலதான் கையெழுத்துப் போடணும்" என்றான்.

முதலாளி தன் கையைப் பார்த்தார். அப்புறம் லியெர்காவைப் பார்த்தார். கோபமா நன்றியா என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

மறுவாரம் ரொட்டி வெட்டும் இயந்திரத்தில் கத்தியை மறைக்கும் தடுப்பு ஆடுவதைக் கண்டாள். என்னென்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே அவர் அறைக்குப் போனாள்.

"தடுப்பு லூசா இருக்கு, முதலாளி."

"அப்படியா? சரி பண்ற வரைக்கும் யாரும் அதைத் தொட வேணாம். இன்னிக்கே சரி பண்ணச் சொல்றேன்."

அவ்வளவுதான். சண்டைக்கு வரிந்துகட்டிப் போனவள், ஒத்திகை பார்த்ததில் முதல் வரியோடு பேச்சை முடித்து வேலைக்குத் திரும்பினாள்.